வெள்ளிக்கிழமை மஞ்சள்

குளியலறையில் நோய் கண்டுபிடிக்கும் அந்தக் கண்ணாடியை மாட்டிய முதல் வெள்ளிக்கிழமையே செண்பகவல்லிக்கு மானம் போயிற்று. தலைக்குக் குளித்து, முகத்தில் மஞ்சள் பூசி அதன் முன்னால் நின்றாள். கண்ணாடி ஒளியால் அவள் தோலை அளந்து, மஞ்சள் காமாலை என்று முடிவுகட்டி, ஆம்புலன்ஸையே வரவழைத்துவிட்டது. வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்து, சிரித்துச் சமாளித்து அனுப்பிவைத்தாள்.

ஆனாலும் கெட்டிக்காரக் கண்ணாடி. ஒரு தடவை சொல்லிக்கொடுத்ததும் பூசுமஞ்சளை அடையாளம் கண்டுகொண்டது. அதன்பிறகு எந்த வெள்ளிக்கிழமையும் அது வாயைத் திறக்கவில்லை. அதன் புத்தியைப் பற்றித் தெருவெல்லாம் பெருமையடித்தாள் அவள்.

இன்று மஞ்சள் பூசிக்கொண்டிருக்கும்போது அதன் விளிம்பு மறுபடியும் சிவந்தது.

"ஆம்புலன்ஸ் வருகிறது," என்றது.

"ஏங்க, இதுக்குப் பழையபடி கோட்டி பிடிச்சிட்டு," என்றாள், பின்னால் நின்று தலைசீவிக்கொண்டிருந்த கணவன் சங்கரபாண்டியனிடம்.

அவன் எட்டிப் பார்த்தான். கண்ணாடி அவள் முகத்தை விட்டுவிட்டு, அவன் கண்களைச் சுற்றி வட்டம் போட்டிருந்தது.

"உன் மஞ்சள் என் மேலயும் ஒட்டியிருக்கும்," என்றான்.

அவள் ஈரத்துண்டால் அவன் இமைகளையும் கன்னங்களையும் அழுத்தித் துடைத்தாள். துண்டு வெள்ளையாகவே இருந்தது.

வாசலில் வண்டி வந்து நின்றது.

"திரும்பவும் காப்பி போடணுமா?" என்றான்.

"வேண்டாம். நீங்க சட்டைய மாட்டுங்க."

அவனுக்குப் பின்னால் அவள் வெளியேறும்போது கண்ணாடியின் விளிம்பை ஒரு தரம் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.