ஆளில்லாத கரை

"பாஞ்சாலி, அந்தத் துணிக்கொடிய அவுத்துடும்மா. பசங்களையும் உள்ள கூப்பிட்டுக்கோ" என்றார் நிரஞ்சன். குடிசைகளுக்கு முதுகைக் காட்டி, அடையாற்றைப் பார்த்துக் கேமராவோடு குந்தியிருந்தார்.

"இன்னா சார், தெனம் இதே ரோதனையா கீது!" சிரித்துக்கொண்டே ஈரத்துணிகளை வாரினாள். கொடிக்கம்பத்தையும் பிடுங்கிப் போட்டாள்.

"போட்டி விதிம்மா. நாரை, தண்ணி, மரம் மட்டுந்தான் தெரியணும். மனுஷ வாடையே படத்துல இருக்கக் கூடாது."

படத்துக்கு முதல் பரிசு கிடைத்தது. பேப்பரில் வந்ததை வெட்டி, பாஞ்சாலி தன் குடிசையில் ஒட்டி வைத்தாள்.

ஆறு மாதம் கழித்து, காலி செய்யச் சொல்லி அதிகாரி வந்து நின்றார்.

"முப்பது வருசமா இங்கதான் கீறோம் சார். நிரஞ்சன் சாரக் கேளு, தெனம் வர்ற மனுசன். எங்களுக்கு சாட்சி சொல்லுவாரு."

அதிகாரி ஃபைலைப் பிரித்தார். உள்ளே அதே படம்.

"மனு குடுத்ததே அவர்தாம்மா. போன வருஷம் இந்தக் கரையில ஆளே இல்ல, எல்லாம் புது ஆக்கிரமிப்புன்னு எழுதி, இதையும் வெச்சிருக்காரு."

பாஞ்சாலி படத்தின் ஓரத்தில் விரலை வைத்தாள்.

"அங்க இருந்த கொடிக்கம்பத்த, அவரு கேட்டாருன்னு நான்தான் சார் புடுங்கினேன்!"

"அதுக்கு ஏதாவது போட்டோ இருக்கா?" என்றார் அதிகாரி.