நாலு முடிச்சு

மிட்வைஃப் மாக்கிறட் கையைக் கழுவிக்கொண்டு அறைக்குள் வந்தபோது, இரண்டு தொட்டில்களும் பக்கத்தில் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தன.

ஒன்றில் பரீனாவின் மகள் றுஷ்னா. பிறந்து மூன்று கிழமை.

மற்றதில் பரீனாவின் புருஷன் நிஸாருடைய தங்கை நுஸ்ரா பெற்ற மகன். அவனுக்கு இன்னும் பேர் வைக்கவில்லை. பேர் வைக்க வேண்டிய உம்மா, பிள்ளை பெற்றதும் காய்ச்சல் கூடி, கொழும்பில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை என்று அவனை மட்டும் வீட்டுக்கு விட்டுவிட்டார்கள்.

பேர் இல்லாவிட்டால் என்ன? பரீனாவின் மாமியார் லெய்லா அவனுக்கு வந்த உடனேயே ஒரு பட்டம் கொடுத்துவிட்டார். மாப்பிள்ளை.

"மாப்புள முழிச்சிட்டாரு, பொண்ணு தூங்குது" என்பார். அயல் பெண்கள் சிரிப்பார்கள். மாமி சிரிக்கமாட்டார்.

மாமிக்கு அது பகிடியில்லை. மாம்புரித் தென்னந்தோட்டத்தில் மகனுக்குப் பாதி, மகளுக்குப் பாதி என்று எழுதியாயிற்று. இந்த இரண்டுக்கும் கல்யாணம் முடித்துவைத்தால் தோட்டம் மறுபடி ஒன்றாகிவிடும். நடுவில் வேலி போடுகிற செலவும் மிச்சம்.

ஆனால் மாப்பிள்ளைக்குப் பசித்ததே, அதுதான் சிக்கல்.

நேற்றுக் காலை வந்ததும் அவன் போட்ட சத்தம் கொஞ்சநஞ்சமல்ல. டொக்டர் எழுதிய பால்மா புத்தளத்தில் ஒரு கடையிலும் இல்லை. நிஸார் அதைத் தேடிச் சிலாபம் பக்கம் போயிருந்தான். இங்கே பரீனாவுக்குப் பால் கட்டி, சட்டை நனைந்துகொண்டிருந்தது.

மாமி கதவடியில் நின்று கையைப் பிசைந்தார். பாவம், பேரப்பிள்ளையாயிற்றே. ஆனால் பால் கொடுத்துவிட்டால் மார்க்கச் சட்டப்படி பரீனா அவனுக்கும் உம்மா. றுஷ்னா அவனுக்குக் கூடப்பிறந்த அக்கா, ராத்தா மாதிரி. பிறகு எந்தக் காலத்திலும் அவர்களுக்குள் நிக்காஹ் செய்ய முடியாது.

மாமி மார்க்கம் படித்த ஆலிமா ஒருவருக்கு போன் எடுத்தார். வயிறு நிறைய ஐந்து தரம் குடித்தால்தான் அந்த உறவு வரும் என்று அவர் சொன்னார்.

மாமியின் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப நாலு தரம் குடு மகள். அதுக்குள்ள மா வந்துரும்."

பரீனா ஒவ்வொரு தரமும் கொடுத்து முடித்ததும், மாமி தன் முந்தானையில் ஒரு முடிச்சுப் போட்டார். நாலாவது முடிச்சு விழுந்த கையோடு நிஸார் பால்மா டின்னுடன் வந்து இறங்கினான். அது நேற்றுப் பின்னேரம். மாமி சொன்ன அல்ஹம்துலில்லாஹ் அடுத்த வளவுக்கும் கேட்டிருக்கும்.

மாமியைக் குறை சொன்னால் வாய் அழுகிவிடும். பரீனாவுக்கு உம்மா இல்லை. நொச்சி இலை அவித்துத் தண்ணீர் வார்ப்பதும், காய மருந்து அரைத்து உருட்டிக் கொடுப்பதும், நல்லெண்ணெயில் முட்டை பொரித்துத் தின்ன வைப்பதும் மாமிதான். பெற்றவள் இருந்தாலும் இவ்வளவு பார்த்திருப்பாளோ தெரியாது.

மாமி அவளுக்கு மாமியார் மட்டுமல்ல, வாப்பாவின் ராத்தாவும்கூட. பரீனாவையும் நிஸாரையும் இப்படித்தான் தொட்டிலில் வைத்தே பேசி முடித்தார்கள். அப்போது தோட்டமில்லை, கிணறு. இரண்டு வீட்டுக்கும் பொதுக் கிணறு, சண்டை வரக்கூடாதாம்.

நிஸார் நல்லவன். யாராவது கேட்டிருந்தால் பரீனா ஓம் என்றுதான் சொல்லியிருப்பாள். ஒருத்தரும் கேட்கவில்லை. அவள் வளர்ந்து, படித்து, கல்யாணப் புடவை உடுத்துகிற அன்று வரைக்கும் ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

மாக்கிறட் பரீனாவின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். தையல் பார்த்தார். காய்ச்சல் உண்டா என்று கேட்டார். பிறகு பையனைத் தூக்கி நிறுத்துப் பார்த்தார். நிறை கூடியிருந்தான்.

"இவனுக்குத் தாய்ப்பால் எத்தினை தரம் குடுத்தீங்க?"

மாமி முந்திக்கொண்டார். "நாலே நாலுதான் மிஸி. அதுக்குப் பொறகு மாதான்." முந்தானையையும் தூக்கிக் காட்டினார்.

பரீனா சட்டைப் பொத்தானைப் போட்டாள். இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால், பிறகு எந்தக் காலத்தில் சொன்னாலும் பொய் என்பார்கள். வெளியாள் ஒருவர் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

"அஞ்சு மிஸி," என்றாள். "இண்டைக்கு விடிய, சுபஹுத் தொழுகை நேரம் ஒருக்காக் குடுத்தேன். வயிறு நிறையக் குடிச்சான்."

மாமியின் கை முந்தானையோடு அந்தரத்தில் நின்றது.

"நல்லதுதானே," என்றார் மாக்கிறட். அவருக்கு நாலும் ஒன்றுதான், ஐந்தும் ஒன்றுதான். வெந்நீர் நிறையக் குடிக்கச் சொல்லிவிட்டு, ஸ்கூட்டியை உதைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

ஸ்கூட்டிச் சத்தம் அடங்கியதும் மாமி கேட்டார்.

"தொழப் போக முன்னுக்கு நான் மா கரைச்சு, கோப்பையில மூடித்தானே வெச்சேன்?"

"ஓம் மாமி."

மாமி கட்டிலில் உட்கார்ந்து, முந்தானை முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கத் தொடங்கினார்.

தொட்டிலில் பையன் சிணுங்கினான். பரீனா எழுந்து போய் அவன் முதுகில் மெல்லத் தட்டினாள்.

"சத்தம் போடாதீங்க வாப்பா," என்றாள். "ராத்தா தூங்குறா."