சூர்யகலாவின் சந்தேகங்கள்

“மேடம், ஒரு டவுட்டு.”

சூர்யகலா கையைத் தூக்கியதும் வகுப்பே பெருமூச்சு விட்டது.

ஸ்வர்ணலதா மேடம் போர்டிலிருந்து திரும்பினார். “கேளு.”

“நெஜமா மழை பெஞ்சா ‘யுவேவே’. பெய்யணும்னு ஆசைப்பட்டா ‘யுவேவா’. மழை ஒண்ணுதானே மேடம்? வார்த்தை எதுக்கு மாறுது?”

“ஆசைப்படறப்போ மழை இன்னும் வரல இல்லையா? வந்ததுக்கு ஒரு உருவம், வராததுக்கு ஒரு உருவம். ஸ்பானிஷ்ல கனவு காண்றதுக்குன்னே வினைச்சொல்லுக்குத் தனி உருவம் இருக்கு.”

“நேத்தும் இதையேதான் சொன்னாங்க. இவ காது எங்க இருந்துச்சோ,” என்றான் சந்தோஷ். எல்லாரும் சிரித்தார்கள்.

சூர்யகலாவுக்கு முன் பெஞ்சில் இருந்த அன்புச்செல்வியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மேடம் சொன்னதை அவசரமாக எழுதிக்கொண்டாள். நேற்றிலிருந்து அவளுக்கும் அதே குழப்பம்தான்.

ஆரணியில் அந்தக் கல்லூரியில் பி.காம். படிக்கிறவர்கள் சாயங்காலம் ஒரு மணி நேரம் ஸ்பானிஷும் படிக்கலாம். முதல் வருஷம் ஆரம்ப நிலை, இரண்டாம் வருஷம் இடைநிலை. இடைநிலையில் பாஸானால் சென்னைக் கம்பெனி ஒன்று வேலைக்காக நேரில் கூப்பிட்டுப் பேசும்.

அன்புச்செல்வி அதற்காகச் சேரவில்லை. முதல் நாளே, “அவங்க ஊர்லயும் மேசைக்கு ‘மேசா’தான்” என்று மேடம் சொன்னார். எங்கேயோ ஏழு கடலுக்கு அப்பால் ஒருத்தி தன் மேசையை மேசை என்றே கூப்பிடுகிறாள். அந்த நினைப்பிலேயே அவள் சொக்கிப்போனாள்.

“அப்போ நம்மகிட்டருந்துதான் எடுத்துகினாங்களா மேடம்?” என்று அன்றைக்கு எழுந்து கேட்டாள்.

வகுப்பு சிரித்த சிரிப்பு, ஊருக்குத் திரும்ப சேத்துப்பட்டு பஸ் ஏறிய பிறகும் காதிலேயே இருந்தது. அதற்கப்புறம் அவள் வகுப்பில் வாயைத் திறக்கவே இல்லை.

ஆனால் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டால் வேறு உலகம். ஏரித் தண்ணீர் ‘அகுவா’ ஆகும். அந்தி வானத்தில் நிலா ‘லூனா’வாக எட்டிப் பார்க்கும். நெல் வயல் நடுவே வெள்ளை வெள்ளையாக வீடுகள் முளைக்கும், யாரோ அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அவளும் தடுமாறாமல் பதில் சொல்வாள். கண்டக்டர் வந்து உலுக்கினால்தான் இறங்குவாள்.

இடைநிலைப் பாடம் கஷ்டமாகத்தான் இருந்தது. இறந்த காலமே இரண்டு விதம்: ‘போனேன்’ என்பதற்கு ஒன்று, ‘போய்கினு இருந்தேன்’ என்பதற்கு இன்னொன்று. நல்ல வேளையாக, அவளுக்குப் புரியாதது எல்லாம் சூர்யகலாவுக்கும் புரியாது. அவள் கேட்பாள், இவள் எழுதிக்கொள்வாள்.

பரீட்சைக்கு இரண்டு மாசம் இருக்கையில் சந்தோஷ் ஒரு பேப்பரோடு வந்தான்.

“சூர்யகலாவால பாடமே நகரல. ஆரம்ப கிளாசுக்கே திருப்பி அனுப்பணும்னு மேடத்துக்கு எழுதியிருக்கேன். கையெழுத்து போடு.”

அன்புச்செல்வி பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள்.

“எல்லாரும் போட்டாச்சு. நீ மட்டும் என்ன? உனக்கும் புரியலையா?”

“சேச்சே, எனக்கு எல்லாம் புரியுது,” என்று சொல்லிவிட்டுப் போட்டாள்.

சூர்யகலாவை ஆரம்ப வகுப்புக்கு அனுப்பவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து அவள் கை தூக்குவது நின்றுபோனது. அவள் முகத்தைப் பார்க்கவே அன்புச்செல்விக்குக் கூச்சமாக இருந்தது. அதைவிடப் பெரிய பயம், இனிமேல் தன் கதி என்ன என்பதுதான்.

அவள் அதிர்ஷ்டம், மேடம் புதுசாக ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டார். பாடம் நடத்திவிட்டு பெஞ்சுகளுக்கு நடுவே ஒரு சுற்று நடப்பார். பிறகு போர்டுக்குப் போய், “இது சிலருக்குப் புரிஞ்சிருக்காது” என்று மறுபடி விளக்குவார். அது பெரும்பாலும் அன்புச்செல்விக்குப் புரியாததாகவே இருக்கும்.

ரிசல்ட் வந்தது. அன்புச்செல்வி எழுபத்தொன்று. கம்பெனி கூப்பிடுகிற பட்டியலில் அவள் பேரும் இருந்தது. ஒரு நிமிஷம் கால் தரையில் பாவவில்லை.

பட்டியலின் உச்சியைப் பார்த்தாள்.

சூர்யகலா, தொண்ணூற்றாறு.

நேராக ஸ்டாஃப் ரூமுக்குப் போனாள். மேடம் தனியாக இருந்தார்.

“மேடம், சூர்யகலா எப்பிடி ஃபர்ஸ்ட்டு? அவளுக்குத்தான் எதுவுமே புரியாதே.”

மேடம் நிமிர்ந்து பார்த்தார்.

“அவளுக்கா? ஆரம்பத்துலருந்தே அவ பரீட்சை பேப்பர்ல தப்பு கண்டுபிடிக்க நான்தான் கஷ்டப்படணும்.”

“அப்போ எதுக்கு மேடம் தெனம் டவுட்டு கேட்டா?”

“நானும் அதையேதான் கேட்டேன். நீங்க எழுதிக் குடுத்த பேப்பரைக் கையில குடுத்து, ‘இதுக்கு என்னம்மா சொல்ற?’ன்னேன். ஒவ்வொரு கையெழுத்தா நிதானமா படிச்சா. உன் பேர்கிட்ட வந்ததும் கொஞ்சம் நின்னா.”

அன்புச்செல்வி தலையைக் குனிந்துகொண்டாள்.

“அப்புறம் பேப்பரை மடிச்சி என்கிட்ட குடுத்துட்டுச் சொன்னா: ‘நான் இனிமே கேக்கல மேடம். ஆனா என் முன் பெஞ்சு அன்பு, புரியலன்னா கேக்க மாட்டா. நோட்டு ஓரத்துல சின்னதா ஒரு கேள்விக்குறி போட்டுட்டு கம்முனு இருந்துடுவா. அத்த பாத்துதான் நான் கேட்டுகினு இருந்தேன். இனிமே நீங்க பாத்துக்கங்க.’”