ஸ்டாண்டு பார்த்த குகை

ஒரு வாடகை சைக்கிளில் ஸ்டாண்டுக்கு எப்போதும் தலைகுனிவுதான். "ஓடுறது நானு, ஓசிச் சவாரி நீயா?" என்று முன்சக்கரம் போகிற வழியெல்லாம் குத்திக்காட்டும்.

அன்று சைக்கிளை எடுத்தவர் வயல்வெளி வழியாகப் போய், சமணர் குகை, கோட்டை, கல்யானை என்று மூன்று இடங்களில் நிறுத்தினார். நிறுத்தும்போதெல்லாம் முன்சக்கரம் சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டு, "இன்னும் எவ்வளவு நேரம்? எத்தனை கிலோமீட்டர் பாக்கி கிடக்கு" என்று முனகியது. ஸ்டாண்டு மட்டும் மண்ணில் காலை ஊன்றி, ஆற அமரச் சுற்றிலும் பார்த்தது.

சாயங்காலம் கடைக்குத் திரும்பியதும் மற்ற சைக்கிள்கள் ஆவலாகக் கேட்டன. "என்னண்ணே பாத்தீங்க?"

"நாற்பத்திரண்டு கிலோமீட்டர்" என்றது முன்சக்கரம் மிடுக்காக. "ஒன்பது வேகத்தடை. ஒரு இடத்துல சரளை."

"அதெல்லாம் எங்களுக்கும் தெரியும். அந்தச் சமணர் குகை எப்படி இருந்துச்சு?"

முன்சக்கரம் ஸ்டாண்டின் பக்கம் ஓரக்கண்ணால் பார்த்தது.

ஸ்டாண்டு தொண்டையைச் செருமிக்கொண்டது. "பாறையிலயே படுக்கை செதுக்கியிருக்காங்க, தலையணையோட. மழைத்தண்ணி உள்ள வராம மேல வாய்க்கால் மாதிரி ஒரு காடி வெட்டியிருக்காங்க. ஒரு படுக்கையில ஆடு தூங்குது." அடுத்து இடிந்த கோட்டையைச் சொன்னது, காது உடைந்த கல்யானையைச் சொன்னது. அது முடிக்கும்வரை கடையில் ஒரு பெல்கூடச் சிணுங்கவில்லை.

"இன்னொரு தடவை சொல்லுங்கண்ணே" என்றன எல்லாம்.

மறுநாளும் அந்த சைக்கிள் குகைக்குப் போனது. ஸ்டாண்டு ஊருக்கே கேட்கிற மாதிரி 'டக்'கென்று கீழே இறங்கியது. முன்சக்கரம் மெல்லத் திரும்பி, சாலைக்கு முதுகைக் காட்டி நின்றது.