பெலவேந்திரனின் கையெழுத்து நாள்

விழுப்புரம் வேலைவாய்ப்பு ஆபீசில் கிளார்க் கோதண்டபாணி வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே சட்டம் பேசினார். சாறு ஃபைலில் தெறித்தது. திண்டிவனத்திலிருந்து வந்திருந்த சவுரியம்மாள் ஓரடி தள்ளி நின்றாள்.

அவள் மகன் பெலவேந்திரன், பி.ஏ., போன வருஷம் மஞ்சள் காமாலையில் செத்துப்போனான். அதற்குப் பிறகும் வேலையில்லாப் பட்டதாரி உதவித்தொகை ஆறு மாதம் போயிருக்கிறதாம். திருப்பிக் கட்டாவிட்டால் அவளுடைய கறவை மாடு ஜப்தி.

"செத்தவனுக்கு எப்படி சார் குடுத்தீங்க?"

"வேலை கெடைக்கலன்னு நேர்ல வந்து கையெழுத்துப் போட்டாத்தான் குடுப்போம். போட்டுக்கினு போயிருக்கான்."

அவள் இறப்புச் சான்றிதழை நீட்டினாள்.

"இதுலயும் கவர்மென்ட் சீலு, ரிஜிஸ்டர்லயும் கவர்மென்ட் சீலு. கவர்மென்ட் பொய் சொல்லுமா?"

"அப்ப அவன் வர்ற அன்னிக்கு எனக்கும் ஆள் அனுப்புங்க சார். புள்ளயப் பாத்து ஒரு வருஷம் ஆச்சு."

"நக்கலப் பாரு!" கோதண்டபாணி மூலையில் துப்பினார். அன்றைக்குக் கையெழுத்து நாள். வெளியே நின்ற பட்டதாரிகளின் வரிசையைப் பார்த்து, தம் முழு அதிகாரத்தோடும் கூப்பிட்டார்: "பெலவேந்திரன், பி.ஏ.!"

வரிசையில் நின்றவர்கள் யாருக்கோ வழிவிடுவதுபோல ஒவ்வொருவராகச் சுவரோரம் ஒதுங்கினார்கள்.

சவுரியம்மாள் மாட்டை மறந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பி நின்றாள்.