மூடாத டேப்

"என் பிரவுசர்ல பதினேழாயிரம் டேப் திறந்திருக்கு. நான் பாதியில விட்ட வேலையை ஒவ்வொண்ணும் தானா முடிச்சுக்கிட்டிருக்கு. போன வாரம் ஒரு டேப் எனக்கு ஜப்பான்ல டாக்டர் பட்டமே வாங்கிடுச்சு!" என்றார், தாலுகா ஆபீஸிலிருந்து ஓய்வுபெற்ற தெய்வசிகாமணி.

மனைவி குமுதவல்லி நம்பவில்லை. அவர் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டு, மீதியைச் சந்தேகப்பட்டே முப்பது வருடம் குடித்தனம் நடத்தியவள் அவள். ஒன்பது வருடமாகப் பேசாதிருந்த தங்கை மங்களேஸ்வரி அன்று காலை போனில், "அக்கா, உன் லெட்டர் கிடைச்சுது. நாளைக்கே வர்றேன்" என்று அழுதபோதும் சந்தேகம் கணவர் மேல்தான் பாய்ந்தது.

"ஏங்க, என் பேர்ல நீங்கதானே எழுதினீங்க? நாளைக்கு அவ முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

"சத்தியமா நான் இல்ல. நீ எப்பவோ என் கம்ப்யூட்டர்ல ஆரம்பிச்சு விட்டிருப்பே, டேப் முடிச்சிருக்கும்."

"புளுகாதீங்க. எங்க, காட்டுங்க பாப்போம்."

அவர் டேபைத் தேடித் திறந்தார். கடிதம் அதில் இருந்தது. 'மங்களம், அம்மா வளையலைத் தொலைச்சது நான்தான். பழியை உன் மேல போட்டுட்டேன்.'

குமுதவல்லி நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தாள். இதை அவள் அவரிடம்கூடச் சொன்னதில்லை. எத்தனையோ முறை டைப் செய்து, அனுப்பப் பயந்து, அழித்திருக்கிறாள். டேபை மட்டும் மூடியதே இல்லை.

"இதெல்லாம் யார் எழுதினது, குமுதா?" இப்போது சந்தேகம் அவர் குரலில் இருந்தது.

"நான்தாங்க. நான் அழிச்சதையெல்லாம் அது பொறுக்கி அனுப்பியிருக்கு. நீங்க சொன்னது நிஜம்தான்."