தையல் மெஷின் எண்ணெய்

கொட்டாஞ்சேனைப் பட்டறையின் தகரக் கூரை ஓட்டை வழியே இறங்கும் நான்கு மணி வெயில், மேசையில் கிடக்கும் பழைய துவக்கின் மேல் விழுகிறது. குழல்வாய் வழியே வெடிமருந்து போட்டு, எண்ணெய்த் துணியில் சுற்றிய ஈயக்குண்டை இடித்து இறக்கும் துவக்கு. காலையில் நஸ்லாவின் அண்ணன் புவாத் அதைத் திடலுக்குக் கொண்டுபோய்ச் சுட்டுப் பார்க்கையில், மூன்றாவது குண்டு பாதிக் குழலிலேயே இறுகிவிட்டது. "துணி தடிப்பாப் போச்சு. வெட்டினது தங்கச்சி," என்கிறான் அவன். மொனராகலையிலிருந்து வந்திருக்கும் துவக்கின் சொந்தக்காரர் இராமர் தலையில் கைவைக்கிறார். "அங்க பன்னி தோட்டத்தையே கிளறிப் போடுது. பொம்பளப் புள்ள கையில வேலயக் குடுத்தா இப்படித்தான்." நஸ்லாவின் காதுமடல் சுடுகிறது. ஆனாலும், தடிப்பாகத்தான் வெட்டிவிட்டோமோ என்று மீதித் துணியை இரண்டு தரம் அளக்கிறாள். அளவு சரி. தண்ணீர் ஊற்றி மருந்தை நனைத்துவிட்டு, கம்பி முனைத் திருகாணியால் குண்டை இழுக்கிறாள். கூடவே துணி வருகிறது, தாரில் தோய்த்தது போல. மோந்து பார்க்கிறாள். தையல் மெஷின் எண்ணெய். அது மருந்துக் கரியோடு சேர்ந்தால் பிசினாகும் என்று, ஐந்து எண்ணெய்களைச் சோதித்துச் சுவரில் எழுதி ஒட்டியவளே அவள்தான். தேன்மெழுகும் தேங்காயெண்ணெயும் உருக்கி, துணியில் பூசுவதற்காக அவள் புவாத்திடம் கொடுத்திருந்த டின்னை இராமருக்கு முன்னால் மேசை அதிர வைக்கிறாள். மூடியைச் சுற்றிய டேப் பிரிக்கப்படவேயில்லை. "எண்ணெய் எல்லாம் ஒண்டுதானே," என்று முணுமுணுக்கிறான் புவாத். "அப்ப ராவைக்கு மீனையும் மெஷின் எண்ணெயிலயே பொரிச்சுத் தாறன் நானா, நல்லாத் திண்ணுங்க," என்றபடி, அந்தக் கறுத்த துணியை அவனுடைய வெள்ளைச் சட்டைப் பைக்குள் திணிக்கிறாள் நஸ்லா.